இரட்டைக்கால எழுத்தாளர்

சரித்திர நாவல்காரர்களில் இவர் புது ரகம். ஒரு காலம் இவருக்குப் போதாது. பணி ஓய்வு பெற்ற கையோடு தஞ்சாவூர் போவார். சரஸ்வதி மகால் நூலக வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு ரயிலேறுவார். அதற்குப் பெயர் கள ஆய்வு. அதிலிருந்து அறுநூறு பக்கம் வரும்.

ஒற்றைப்படை அத்தியாயங்களில் விவாகரத்தாகி கலிபோர்னியாவிலிருந்து திரும்பிய அனன்யா. இரட்டைப்படையில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்து முத்தம்மாளின் ரகசியக் காதல். நள்ளிரவில் யாரோ தட்ட, முத்தம்மாள் தாழ்ப்பாளில் கை வைப்பாள், அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த இருபது பக்கம் அனன்யா லேப்டாப் சார்ஜரைத் தேடுவாள். அது கிடைப்பதற்குள் கதவைத் தட்டியது யாரென்பதில் நமக்கு அக்கறை போய்விடும். ஆசிரியருக்கும் போயிருக்கும், அந்த ஆள் கடைசிவரை உள்ளே வருவதில்லை.

எனக்கென்னவோ சரபோஜியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டவர், கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படத்தோடு எழுதிவைக்கச் செய்தவர், காசி யாத்திரை போன இடத்திலும் சுவடி சேர்த்தவர். நாவலில் அவருக்கு உப்பரிகையில் நின்று நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற உத்தியோகம்.

அரண்மனை ஆவணங்கள் மராத்தியின் பழைய மோடி எழுத்தில் இருக்கின்றனவே என்று கவலைப்படாதீர்கள். சனிக்கிழமை ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனன்யா அதைக் கற்றுவிடுவாள். அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு பர்னல் என்ற ஆங்கிலேய நீதிபதி 1880லேயே பட்டியல் அச்சிட்டுவிட்டார். அவர் கண்ணிலும், பின்னால் வந்த பண்டிதர்கள் கண்ணிலும் படாத காதல் ஓலை, அனன்யா ஒரு தும்மல் போட்டதும் கட்டிலிருந்து நழுவி மடியில் விழும். முத்தம்மாளின் கண்ணீரில் பாதி எழுத்து கரைந்திருக்கும். மீதியை ஊகிப்பதுதான் நாவல்.

வெளியீட்டு விழாவில், பின்வரிசைத் தமிழாசிரியர் ஒருவர் எழுந்து கேட்டேவிடுவார்:

“ஐயா, ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவுவார்கள். கண்ணீர் பட்டால் கீறல் எப்படி ஐயா அழியும்?”

எழுத்தாளர் பதறமாட்டார். பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்.

“கண்ணீர் போதாதுங்கறீங்க. நியாயம்தான். இரண்டாம் பதிப்புல மழையா மாத்திடறேன்.”