ரகரப் பூனையும் றகர நாயும்

எங்கள் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் நடக்கிற சண்டைக்கு மூல காரணம் தமிழ் எழுத்து. சின்ன ர, பெரிய ற இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிற எங்கள் வீட்டு நாக்குகள்.

பூனைக்குக் 'கரி' என்று பெயர் வைத்தவள் என் மகள். நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கம்மாபுரத்தில் சொந்த வீட்டோடு வந்து உட்கார்ந்தவன் நான். 2024 ஆவணியில் விருத்தாசலத்திலிருந்து மஞ்சள் பையில், பஸ்ஸில், டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கிய குட்டியோ அச்சு அசல் பழுப்பு நிலக்கரி. நிழலில் கறுப்பு, வெயிலில் பழுப்பு. அப்பா பார்த்த வேலையின் ஞாபகமாக இருக்கட்டும் என்று கரி.

பெயர் என்னவோ பொருத்தம்தான். ஆனால் வீட்டில் நாலு வயசில் டைகர் என்று ஒரு நாட்டு நாய் ஏற்கெனவே இருந்தான். "கரீ... வா, கரீ" என்று மகள் கொல்லையில் நின்று கூப்பிட்டால் பூனை வராது. டைகர் வருவான். கறி என்று நினைத்துக்கொண்டு, தெருக்கோடியிலிருந்து, நாக்கைத் தொங்கப்போட்டபடி நாலுகால் பாய்ச்சலில் வருவான். வந்து பார்த்தால் கறி இருக்காது. அந்த இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும். தினம் நாலு தடவை இப்படி ஏமாந்தால் எந்த நாய்தான் பொறுக்கும்? பக்கத்து வீட்டுக்காரரே ஒரு புதன்கிழமை சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன விசேஷம், தெனம் கறியா?" என்று கேட்டுவிட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புலி பூனைக் குடும்பம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. புலியின் பெயரை நாய்க்கு வைத்ததில் அவன் கரிக்குப் பங்காளி ஆகிவிட்டான். பங்காளி என்றால் வரப்புத் தகராறு இல்லாமல் இருக்குமா?

முதல் தகராறு வந்த அன்றே முடிந்தது. டைகர் முகர்ந்து பார்க்க மூக்கை நீட்டினான். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தக் குட்டி, உடம்பை வில்லாக வளைத்து, வாலைப் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி விரித்து, ஒரே ஒரு இழுப்பு. டைகரின் மூக்கில் மூன்று கோடு, விபூதிப் பட்டை போல இடைவெளி பிசகாமல். அவன் அழுதுகொண்டே என் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தான். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "ஏண்டா, நீ நாய்தானடா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சுரங்கத்தில் இரண்டு யூனியன்காரர்களை ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தவன் என்ற திமிர் கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டைகரை இடது பக்கமும் கரியை வலது மடியிலும் வைத்துக்கொண்டு சமாதானப் பேச்சுவார்த்தை தொடங்கினேன். எவ்வளவு நேரம் நடந்தது என்று சரியாகத் தெரியவில்லை. மனைவி உப்பு எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கேட்டார்: "நாய் கடிச்சுதா, பூனை பிறாண்டுச்சா?"

"ரெண்டும்."

"எது மொதல்ல?"

அதை நான் கவனிக்கவில்லை. டைகருக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தது, குட்டிக்கு இன்னும் போடவில்லை. அதனால் எனக்குப் போட்டார்கள். முதல் ஊசி அன்றைக்கே. அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என்று சீட்டில் தேதி குறித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசி, தோலுக்குள். 'பூனைதானே' என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் கேட்காதீர்கள், வெறிநோய் பூனை மூலமாகவும் வரும்.

பிறகுதான் இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கரி பையில், டைகர் சங்கிலியில், நான் நடுவில். அவர் ஊசியைப் போட்டுவிட்டு என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் 'வா, விளையாடலாம்'. பூனை வாலை அடித்து அடித்து ஆட்டினால் 'இன்னொரு அடி எடுத்து வைத்தாயோ தொலைந்தாய்'. டைகர் வாலைப் பார்த்துக் கரி இவன் மிரட்டுகிறான் என்று நினைக்கிறது. கரி வாலைப் பார்த்து டைகர் ஆகா, கூப்பிடுகிறது என்று போகிறான். அப்புறம்தான் மூன்று கோடு. இதுவும் மொழிப் பிரச்சினைதான் என்று எனக்குப் புரிந்தது. தொல்காப்பிய மரபியலே நாயின் பிள்ளையைக் குருளை என்றும், காட்டுப்பூனையாகிய வெருகின் பிள்ளையைக் குட்டி என்றும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. நாய்க்கும் குட்டி என்று சொன்னால் குற்றமில்லை என்று பின்னால் ஒரு சலுகையும் தருகிறது. தொல்காப்பியர் வீட்டிலும் இரண்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"சின்னதுலயே பழக்கியிருக்கணும் சார்" என்றார் மருத்துவர். நாய்க்குட்டி மற்ற உயிர்களோடு பழகக் கற்றுக்கொள்கிற பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை. பூனைக்கு இரண்டிலிருந்து ஏழு வாரம். டைகருக்கு நாலு வயசு, கரிக்கு இரண்டரை மாசம். இரண்டு பேருக்குமே அட்மிஷன் தேதி முடிந்துவிட்டது. இனிமேல் கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ்தான்: முகம் பார்க்காமல், வாசனையில் மட்டும் பழக வேண்டும். இது படுக்கிற துண்டை அதற்கும் அது படுக்கிற துண்டை இதற்கும் மாற்றிப் போடச் சொன்னார். போட்டோம். மூன்றாம் நாள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து நான் தலை துவட்டினேன். அன்று முழுக்க டைகர் என்னைப் பார்த்து உறுமினான், கரி மட்டும் மடியைவிட்டு இறங்கவில்லை.

பால் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காதாம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டார். அந்தப் பூனையின் வயிறு என்ன ஆகியிருக்கும் என்று கம்பர் யோசிக்கவில்லை. நாய்ச் சோற்றைப் பூனைக்குத் தொடர்ந்து போடுவதும் தப்பு. பூனைக்கு டாரின் என்று ஒரு சத்து தேவை, அது மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது, குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். ஆக, கரிக்குக் கறி வேண்டும். எழுத்து மறுபடியும் சுற்றி வந்து நின்றது.

பெயரை மாற்றிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாற்றிப் பார்த்தோம். 'மின்மினி' என்று ஒரு வாரம் கூப்பிட்டோம். அது கரி என்றாலும் திரும்பாது, மின்மினி என்றாலும் திரும்பாது. பூனைக்குத் தன் பெயர் நன்றாகவே தெரியும் என்று 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள். காது அசையும், தலை லேசாகத் திரும்பும், ஆனால் எழுந்து வரவேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் செக்‌ஷனிலும் இப்படி ஒருவர் இருந்தார்.

கடைசியில் கைகொடுத்தது என் பழைய தொழில். 1961 ஆகஸ்டில் முதல் கரி வெளியே தெரிந்த காலத்திலிருந்து நெய்வேலியை ஓட்டிக்கொண்டிருப்பது ஷிப்ட். பழுப்பு நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. வெட்டி எடுத்துக் குவித்துச் சும்மா போட்டு வைத்தால் காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறிப் புகையும், தீயும் பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம். அதனால் குவியலை நாள்கணக்கில் அப்படியே விடக்கூடாது. எங்கள் வீட்டிலும் ஒரே இடத்தில் இரண்டையும் போட்டதுதான் தப்பு என்று திடீரென்று விளங்கியது. இரவோடு இரவாக மகளின் பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து ஷிப்ட் போட்டேன்.

முதல் ஷிப்ட்: டைகர் வாசலில், கரி உள்ளே. இரண்டாம் ஷிப்ட்: டைகர் கொல்லை வேப்பமரத்தடியில், கரி திண்ணையில். நைட்: டைகர் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடப்படுவான், கரி பரணில். சாப்பாடு டைகருக்குத் தரையில், கரிக்கு ஃப்ரிட்ஜ் மேலே. ரிலீவர் வராமல் மெஷினைவிட்டு இறங்கக்கூடாது என்பது சுரங்கத்து வழக்கம். இங்கே அதையே தலைகீழாகப் போட்டேன்: ஒருத்தர் இறங்கி, கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் இன்னொருத்தர் ஏற வேண்டும். "ஷிப்ட் மாறுது, கதவச் சாத்துங்க!" என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். சுரங்கத்துச் சங்குகூட அவ்வளவு நேரம் தவறாது. ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை வாரிக் கொட்ட வேண்டும் என்பது அங்கே கணக்கு. ஒரு மணி நேர அமைதிக்கு இங்கேயும் ஏறக்குறைய அதே உழைப்பு.

இதில் அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. ஐப்பசியில் ஒருநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதி, சாமியிடம் வைத்துக் கும்பிட்டு, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளைக்குள் தீர்ப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. கடன், களவு, கணவன் மனைவி தகராறு எல்லாம் அங்கே போகும். கிடைத்த பிறகு மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். நாய் பூனைக் கேஸெல்லாம் எடுப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். மகளிடம் மனுவில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "பாட்டி சொல்லக் கூடாதுன்னுட்டாங்கப்பா" என்றாள்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். 2011இல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்ட தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், இருந்தாலும் அந்த மழை பயமாகத்தான் இருந்தது. கரண்ட் இல்லை. டைகரை வெளியே விட முடியாமல் கூடத்துக்குள் கொண்டு வந்தோம். ஷிப்ட் குலைந்தது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டும் பயந்து ஒட்டிக்கொண்டு தூங்கும், பின்னணியில் வயலின் கேட்கும். எங்கள் வீட்டில் கரி பரண்மேல் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண் மட்டும் பச்சையாக மின்ன, ராத்திரி முழுக்கக் கீழே பார்த்தது. டைகர் கீழே நின்று ராத்திரி முழுக்க மேலே பார்த்துக் குரைத்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் குத்துவிளக்கு விழுந்தது. யார் தள்ளியது என்று இருட்டில் தெரியவில்லை. டைகர் அம்மா கட்டிலுக்கு அடியில் போனவன் மறுநாள் மதியம்தான் வெளியே வந்தான்.

இருந்தும் ஏதோ ஒன்று மெல்ல மாறியது. பொங்கலன்று அதைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட யாருக்கும் ஞாபகம் இல்லை. அம்மா டைகருக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் வைத்தாள். கரி திண்ணையிலிருந்து இறங்கி நேராக இலைக்கு வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கரி பொங்கலை முகர்ந்தது, முந்திரியை ஒரு தடவை நக்கியது, முகத்தைச் சுளித்துத் திரும்பிப் போய்விட்டது. பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. அதற்கான மரபணு பூனைக் குலத்திலேயே வேலை செய்வதில்லை என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். டைகர் அது போகிற வரைக்கும் நின்று பார்த்தான். பிறகு இலையோடு சேர்த்துத் தின்றான். ஒரு உறுமல் இல்லை. அதற்கப்புறம் கரி குறுக்கே போனால் அவன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். கரியும் சுவர் ஓரமாகப் போகிறது. சிநேகம் என்று சொல்ல மாட்டேன். வேண்டாதவர்கள் ஒரே கல்யாணத்துக்கு வந்தது போல இருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

தை கடைசியில் கணக்குப் பார்த்தேன், தொண்ணூறு நாள் ஆகிவிட்டது. ஷிப்ட் போட்ட எனக்குப் பெருமை, சாமிக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று அம்மாவிடம் போனேன். "அம்மா, கேஸ்தான் முடிஞ்சிடுச்சே. வெள்ளிக்கிழம போயி வாபஸ் வாங்கிட்டு வந்துடுவமா?"

அம்மா பின்கட்டில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் போட்டதிலிருந்து மதியத்தில் அவளுக்கு அங்கேதான் இடம் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"எந்தக் கேஸு?"

"நாய் பூனைக் கேஸு."

"அதுங்க மேல நான் எதுக்குடா பிராது குடுக்கணும்? வாயில்லாப் பிராணிங்க" என்றாள் அம்மா. "நாப்பது வருஷம் நான் உக்காந்த திண்ணைய ஒருத்தன் தாள்ல எழுதிப் பூனைக்குக் குடுத்துட்டான். அவன் மேல குடுத்துருக்கறேன்."

இதை எழுதுகிற இப்போது இரண்டாம் ஷிப்ட். கரி திண்ணையில் மல்லாந்து தூங்குகிறது. எழுப்பப் போனேன், வாலை அடித்து அடித்து ஆட்டியது, வந்துவிட்டேன். பிராது நிலுவையில் இருக்கிறது.