சாம்பார் கறையிலிருந்து வந்த வளையம்

1960களின் தொடக்கம். அமெரிக்காவில், பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன், டேவிட் லாங் என்று இரண்டு இளம் டாக்டர்கள் இதயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பெண்ணுறுப்புக்குள் வைக்கும் கருத்தடை வளையத்தின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடற்படைக்கும் கருத்தடைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அப்போது அவர்களுக்கே தெரியாது!

சிலிகோன் ரப்பர் குழாயில் சாயத்தை ஓடவிட்டால், சில சாயங்கள் குழாயிலேயே ஊறிக்கொண்டன. கழுவினாலும் போகவில்லை. நம் வீட்டு பிளாஸ்டிக் டப்பாவில் சாம்பார் கறை இருக்கிறதே, அதே கேஸ். நாம் டப்பாவைத் திட்டுவோம். இவர்கள் 1964இல் கட்டுரையே எழுதிவிட்டார்கள்.

எண்ணெயில் கரையும் சாயம் ரப்பருக்குள் ஊறிப் போகுமென்றால், ஸ்டீராய்டு ஹார்மோனும் போகும்தானே? இரண்டும் ஒரே ஜாதி. மண்பானை தண்ணீரைக் கசியவிடுவதுபோல ரப்பர் ஹார்மோனைக் கசியவிடும். ஒழுகுவதையே உத்தியோகமாகக் கொண்ட சாமான்!

1970இல் டேனியல் மிஷெல் என்ற டாக்டரின் குழு, ஹார்மோன் ஏற்றிய வளையத்தைப் பெண்களிடம் சோதித்து வெளியிட்டது. கருமுட்டை வெளியாவது நின்றது. அடுத்த வருஷமே கடைக்கு வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 31 வருஷம் சார்! கென்னடி அறிவித்த எட்டே வருஷத்தில் நிலாவில் இறங்கியவர்கள் அமெரிக்கர்கள். இந்த வளையம் போகவேண்டிய தூரமோ சில அங்குலம்.

நடுவில் உலக சுகாதார நிறுவனமும் ஒரு வளையம் செய்து பார்த்தது. நாளைக்கு 20 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், கணக்கெல்லாம் கச்சிதம். ஆனால் சில பெண்களுக்கு உள்ளே சிவந்துபோனது. வளையத்தின் விறைப்புதான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. புதுச் செருப்பு கடிக்கும் என்பது நம் பாட்டிக்குத் தெரியும்; நிபுணர் குழுவுக்குத் தெரிய ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

கடைசியில் 2001இல் நெதர்லாந்தின் ஆர்கனான் கம்பெனி நுவாரிங் என்ற வளையத்தைக் கொண்டுவந்தது. 54 மி.மீ. குறுக்களவு, 4 மி.மீ. தடிமன், சின்னப் பெண்ணின் வளையல் மாதிரி. அமுக்கினால் வளையும். மூன்று வாரம் உள்ளே, ஒரு வாரம் லீவு. உள்ளே எந்த மூலையில் உட்கார்ந்தாலும் வேலை செய்யும், வாஸ்து கிடையாது.

சோதனைகளில் பெண்களிடம் வசதி எப்படி என்று கேட்டார்கள். கேட்ட கையோடு அவர்களுடைய துணைவர்களின் வசதியையும் விசாரித்தார்கள்: உறவின்போது அவர்களுக்கு ஏதாவது தட்டுப்பட்டதா? மாத்திரையும் இல்லை, வளையமும் இல்லை, டாக்டரிடம் நடையும் இல்லை அந்த மகானுபாவர்களுக்கு. பெரும்பாலானோர், பட்டாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையோடு என்.ஓ.சி. கொடுத்துவிட்டார்கள்!