அம்புக்குறி அண்ணன்

"மான்ஸிய நான் முழுசா பாஸ் பண்ணலீங் தம்பி. கண்டிஷனல் பாஸ்தான்."

போன புதன்கிழமை பில் காசு கேட்கப் போன என்னைப் பார்த்ததும் அண்ணன் சொன்னது இது. "வாங்க தம்பி" எல்லாம் இதற்கு அப்புறம்தான் வந்தது.

இவரை உங்களுக்கும் தெரியும். பேக்கரி வாசலில் டீயை ஆற்றிக்கொண்டே, எவன் லெஜண்ட், எவன் வந்துபோனவன் என்று ரகம் பிரித்துக் கொடுப்பவர். மற்றவர்கள் இதைக் கிரிக்கெட்டிலோ சினிமாவிலோ செய்வார்கள். நம்மவருக்குக் கால்பந்து. அதிலும் சென்னை சிட்டி கிளப். பெயர்தான் சென்னை, 2018-19-ல் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 2020-21 சீசனுக்கு அப்புறம் அந்த லீக்கில் கிளப்பையே காணோம். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு யாருக்கு எவ்வளவு போனஸ் என்று அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் பரவாயில்லை. அண்ணன் பனியன் கம்பெனி செக்கிங்கில் வளர்ந்தவர். டி-சர்ட்டைக் கையில் எடுத்தால் முதலில் கழுத்து ரிப்பை இழுத்துப் பார்ப்பார், அப்புறம் உள்பக்கம் வெளியே திருப்புவார், கடைசியில் தோள் தையலை வெளிச்சத்தில் பிடிப்பார். எங்கே குறையோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவார். அவருடைய கேபின் சுவரில் சாம்பியன் டீமின் போட்டோ, லேமினேஷன் போட்டுத் தொங்குகிறது. அதிலும் அம்புக்குறிதான். ஒருவருக்குத் தொடையில், ஒருவருக்கு நெற்றியில், கோல்கீப்பருக்குக் கையுறையில். பார்த்தால் ஏதோ அக்குபங்சர் பாடம் மாதிரி இருக்கும்.

"எண்பது பீஸ் எடுத்தா அஞ்சு பழுது வரைக்கும் பாஸ். ஆறாவது வந்தா லாட்டே ரிஜெக்ட். பையர் நம்மள அப்படித்தானுங் பாக்கறான்? பிளேயர மட்டும் சும்மா விடோணுமா?"

சரி, சென்னை சிட்டியில் ஆடிய சூசைராஜ்? கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்த நம்ம பையனாச்சே என்று ஒருநாள் ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். "ஆட்டம் அருமைங். ஆனா கோப்பை வர்றதுக்கு முன்னாடியே ஜாம்ஷெட்பூர் போயிட்டான். லெஜண்டுன்னா கோப்பை இருக்கோணும்."

அடுத்த வாரம் கௌரவ் போராவை எடுத்துப் போனேன். கோப்பை இருக்கிறது. தடுப்பாட்டக்காரர், ஆனாலும் கோப்பையை முடிவுசெய்த கடைசி மேட்சில் மினர்வா பஞ்சாபுக்கு எதிராக இரண்டு கோல். இதில் என்ன பழுது? "ஒரே நாள் ஒர்க்குங் தம்பி. டெலிவரி அன்னைக்கு நைட் ஷிப்ட்டுக்கு ஆள் வரும் பாருங், அந்த மாதிரி. மூணு சீசன் இருக்கோணும்."

மூன்று சீசன் என்பது அன்றைக்குத்தான் பிறந்த விதி. அப்படியானால் பெட்ரோ மான்ஸி? கோப்பை வந்த சீசனில் 21 கோல். லீக்கிலேயே அதிக கோல் அடித்த இருவரில் ஒருவர். ஆனால் 2020 ஜனவரியில் ஜப்பானுக்குப் போய்விட்டார். "பாதி ஷிப்மென்ட்ல லைனை விட்டுட்டுப் போயிட்டான்" என்று சொல்லும்போது அண்ணனின் குரல் இறங்கிவிடும். மூன்று சீசன் விதி மான்ஸிக்கு ஏன் இல்லை என்று கேட்டால் காது கேட்காது. சரி, சிங்கப்பூரிலிருந்து வந்த கோச் அக்பர் நவாஸ்? "அவரு மெர்ச்சண்டைசருங். சாம்பிள்ல சேத்தக் கூடாது."

கடைசியில் எல்லோரையும் கொண்டுபோய் நிறுத்துவது இத்தாலிக்காரர் டோட்டி பக்கத்தில். ரோமா கிளப்பில் 25 சீசன், 1992 முதல் 2017 வரை, வேறு வாசற்படி மிதிக்காத ஆள். அதுதான் அண்ணனுடைய அப்ரூவல் சாம்பிள். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்த அளவுகோல்! பீஸ் ரேட்டில் ஐம்பது பைசா கூடினால் மதியச் சாப்பாட்டுக்குப் போன டெய்லர் பக்கத்து கம்பெனியில் கை கழுவுகிற ஊர் இது. இங்கே ஒருவன் 25 வாரம் ஒரே மெஷினில் உட்கார்ந்தாலே புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் சிலை வைக்கலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் நான் கேட்டுக்கொண்டிருந்தது கால்பந்துக்காக அல்ல. என்னுடையது பன்னிரண்டு மெஷின் ஜாப் ஒர்க் யூனிட். அண்ணனுக்கு 3,200 பீஸ் தைத்துக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. அவர் தந்தாலும் தராவிட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் என் டெய்லர்களுக்குச் சம்பளம் எண்ணி வைக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமை வட்டிக்கு வாங்கி எண்ணினேன். 2019 மார்ச் 9 அன்று முதல் கோல் மினர்வா அடித்தது, அங்கே கோழிக்கோட்டில் கோப்பைக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது, இங்கே 3-1 என்று முடிந்து 43-க்கு 42 என ஒரே புள்ளியில் கோப்பை வந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். என் பில்லை நீட்டினால், "இது எப்பங் தம்பி குடுத்தீங்க?"

ஆனாலும் மனுஷன் அந்த நாளைப் பேச ஆரம்பித்தால் எழுந்துவர முடிவதில்லை. கட் பீஸ் ஏற்றுகிற டெம்போவில் செக்கிங் பெண்கள், ஐயர்னிங் ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போயிருக்கிறார். கம்பெனிக்கு அரை நாள் லீவு, சம்பளம் பிடிக்கவில்லையாம். போட்டோவில் கோப்பைக்கு மேலே, கேலரியில், கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டுவார். "அது நானுங்." அது தண்ணீர் பாட்டிலாகவும் இருக்கலாம். நான் எதுவும் சொல்வதில்லை.

போன புதன்கிழமை மான்ஸி தீர்ப்புக்கு நடுவே அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். மேசையில் ஸ்டிக்கர் தாள் கிடந்தது. ஒன்றை உரித்து அந்த வெள்ளைப் புள்ளிமேல் ஒட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வந்ததும் பார்த்துவிட்டார். செக்கிங் கண் அல்லவா!

"இதுல என்னங் தம்பி டிபெக்ட்டு?"

"பேமென்ட்டுங்ணா. நாலு மாசம்."

கிட்டே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நிஜமான அக்கறையோடு புள்ளியைப் பார்த்தார். நகத்தால் ஸ்டிக்கரை உரித்தார்.

"மேஜர் இல்லீங். மைனர்தான். பாஸ் பண்ணீரலாம்."