முசரவாக்கத்து மூன்று சென்ட் மனையும் நூற்குற்றம் பத்தும்

சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் நூலழகு பத்தில் முதலிரண்டு என்பது நன்னூலார் துணிபு. அழகுகளுக்கு முன்பே குற்றம் பத்தையும் அவர் வரிசைப்படுத்தினார். இரு பட்டியல்களும் இருப்பதோ 55 நூற்பா நீளும் பாயிரத்தில். ஆய்வாளர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. பெரிதுபடுத்தினால் தம் முன்னுரைகளையும் குறைக்க நேரும்.

குற்றம் பத்தில் ஒன்பது ஒருங்கே குடியிருக்கும் உரைநடை கிரயப் பத்திரம். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் மூன்று சென்ட் மனை ஒன்று கைமாறுவதாகக் கொள்க.

குன்றக் கூறல்: விலை. இதற்கு மேல் விளக்குவது ஆய்வாளருக்கு நல்லதன்று.

மிகைபடக் கூறல்: நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று விஜயநகரச் சாசனங்களில் ஓடிய வரிசை இம்மனைக்கும் வந்து சேரும். வாங்கியவருக்கு 1,307 சதுர அடியோடு நிதி, நிட்சேபம் என்ற பெயரில் புதையலும் கிடைக்கிறது. ஆனால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே பத்திரம் முழுமனதாய்க் கொடுப்பது 10 ரூபாய் வரையிலான புதையலையே என்பர் ஒரு சாரார். 10 ரூபாயை எவர் புதைப்பார் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரையும் மேற்கோள் காட்டி மூன்றாம் சாரார் முனைவர் பட்டம் பெறுவர்.

கூறியது கூறல்: 'ஷை'. மேற்படி என்பதை ஓரெழுத்தாய்ச் சுருக்கி, மிச்சமான இடத்தை அதையே திரும்பத் திரும்ப எழுதி நிரப்பும் முறை. ஷை மனை, ஷை கிராமம், ஷை நபர் (காண்க: ஷை; ஒப்பிடுக: ஷையின் ஷை, மூலப் பத்திரம், பக். ஷை, மறுப்புக்கு, ஷை அடிக்குறிப்பு).

மயங்க வைத்தல்: செக்குபந்தி என்னும் நான்கெல்லை விவரம். மனைக்குக் கிழக்கே பாதை இருந்தால் 'பாதைக்கு மேற்கு' என்றெழுதுவதே மரபு. தன் மனையைத் தேடுபவர் முதலில் அண்டை நிலத்தில் போய் நிற்க வேண்டும்.

சென்றுதேய்ந்து இறுதல்: ஜெராக்ஸ் நகலின் கடைசிப் பக்கம்.

மற்ற நான்கும் வெளிப்படை.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) குடவோலை விதிகளை வகுக்கிறது: வயது 35க்கு மேல், 70க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. ஒரு ஷை இல்லை. உளி பிடித்து வெட்ட வேண்டியிருந்தது காரணமாகலாம்.

பத்தாம் குற்றமான நின்று பயன் இன்மை பத்திரத்திற்குப் பொருந்தாது. முப்பது ஆண்டு கழித்து வேலி நகர்ந்த வழக்கில் அந்தப் 'பாதைக்கு மேற்கு'தான் மனையைக் காக்கும். இக்குற்றத்துக்குச் சான்று வேண்டுவோர் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரியைக் காண்க.