பங்கு கேட்க வராதவனின் கடிதம்

புனே,
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"போய்ச் சேர்ந்ததும் வாட்ஸாப்பில் கட்டைவிரலைக் காட்டி முடிச்சுடாதே, ஒரு தாளில் ஒழுங்கா எழுதிப் போடு" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியே ஓய்வுபெற்றவர், சிவப்புப் பேனா இல்லாமல் இதைப் படிக்க உட்காரமாட்டார் என்று தெரியும். திருத்தி, மார்க் போட்டுத் திருப்பி அனுப்பினாலும் சரிதான்.

புனேயிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 840 கிலோமீட்டர். அங்கிருந்து நம் ஊருக்கு இன்னொரு நானூறு. போனில் இருக்கும் மேப், விடாமல் ஓட்டினால் ஒரே நாளில் போய்விடலாம் என்கிறது. அதற்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. நெடுஞ்சாலை டோல்கேட்டில் நாம் இறங்கக்கூட வேண்டாம், கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் பார்த்துக்கொள்ளும். உறவுக்காரர் வீடும் ஒரு டோல்கேட்தான், ஆனால் அங்கே ஃபாஸ்டாக் செல்லாது. இறங்கி, உட்கார்ந்து, இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் கம்பத்தைத் தூக்குவார்கள்.

சாத்தாராவுக்கு முன்னால் கம்பட்கி மலை. திரும்பி வருகிறவனுக்கு மலையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போன நாங்கள்தான் வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தது. சின்னவள் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்ததைச் செய்தாள். பெரியம்மா போனில் சொன்னபடி எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தோம். அவள் கடித்துவிட்டாள். அதற்குத் தனியாக ஒரு தடவை வண்டியை நிறுத்தினோம்.

பெரியவன் காகல் வரைக்கும் ஒரு போர்டு விடாமல் மராட்டியில் உரக்க வாசித்துக்கொண்டே வந்தான். டயர் கடை, மிசள் கடை, 'இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்', எல்லாம். நிப்பாணி தாண்டி, பெல்காம் தாண்டி, கன்னட எழுத்து மட்டும் என்று ஆனதும் பையன் வாய் மூடிக்கொண்டது. ஓசூரில் தமிழைக் கண்டதும் திறக்கும் என்று நானும் காத்திருந்தேன். "அப்பா, இதையும் நீயே படி" என்றான். அதன் பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து தஞ்சாவூர் வரை காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, நெஞ்சார்ந்த நன்றி பேனர்கள் அத்தனையையும் ஓட்டுகிறவனே வாசிக்கும்படி ஆயிற்று.

முதல் ராத்திரி ஹூப்ளியில், ரயில்வேயில் இருக்கும் நம் சித்தப்பா மகன் வீட்டில். உலகத்திலேயே நீளமான பிளாட்பாரம் அந்த ஊரில்தான் இருக்கிறது, 1,507 மீட்டர். 2023 மார்ச்சில் திறந்தார்கள். வந்த விருந்தாளிக்கு அதைக் காட்டாமல் அவன் சோறு போடுவதில்லை. சின்னவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியே போனாள். போனவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, திரும்பி நடக்க முடியாது என்றுவிட்டாள். உலக சாதனையை இடுப்பில் ஒரு குழந்தையோடு நடந்து கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கின்னஸ்காரர்கள் யாரும் அதை நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்று ராத்திரி பாய் விரித்துக்கொண்டே அவன் மெதுவாகக் கேட்டான்: "என்னண்ணே, காரெல்லாம் எடுத்துக்கிட்டு... கீழவாசல் வீட்டு விஷயமா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரயிலில் வருகிறவன் லீவுக்கு வருகிறான். காரில் வருகிறவன் எதையோ எடுத்துப்போக வருகிறான். டிக்கி இருக்கிறதே!

தாவணகெரேயில் பெண்ணெ தோசை சாப்பிட்டோம். அதைப் பற்றி ஒரு வரி எழுத ஆசைதான். இந்தக் கடிதத்தைப் பெரியம்மாவும் படிப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். அங்கிருந்து உங்களுக்குப் போன் செய்தபோது, "பக்கத்துல ஹொதிகெரேடா. 1664ல சிவாஜியோட அப்பா ஷாஜி வேட்டைக்குப் போய் செத்தது அங்கதான். சமாதி இருக்கு, பார்த்துட்டு வா" என்றீர்கள். பின்சீட்டில் நடுவே போட்டிருந்த துண்டை யார் நகர்த்தியது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் எல்லைத் தகராறு முற்றியிருந்த நேரம். ஷாஜியின் பிள்ளைகள் கதையை அவர்கள் காதில் போட வேண்டாம் என்று நேராக ஓட்டிவிட்டேன்.

பெங்களூரில் அத்தை வீடு. ஒரு வீட்டுக்குப் போனதால், போகாத வீடுகளில் எல்லாம் மனஸ்தாபம். பட்டியல் அம்மாவிடம் இருக்கிறது. அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டே, "தம்பிக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இருக்குல்ல?" என்றார். சேலத்தில் மாமா இமாம்பசந்தை நறுக்கிக்கொண்டே, இன்னும் ஒரு படி மேலே போய், "பத்திரம் யார் கையில இருக்கு?" என்றார். மாம்பழம் நன்றாக இருந்தது. நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டதை அவர் ராஜதந்திரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள் மொட்டைமாடியில் சொன்ன கதையில் இருக்கிறது பெரியப்பா. உங்களுக்கே ஒப்பிக்கிறேன், சரிபாருங்கள். புனேயில் வளர்ந்த அண்ணன் சிவாஜி. தஞ்சாவூரில் உட்கார்ந்துவிட்ட தம்பி ஏகோஜி. அம்மா வேறு, அப்பா ஒருவர். 1677ல் அண்ணன் கோல்கொண்டா சுற்றி, செஞ்சியைப் பிடித்து, வேலூரை முற்றுகையில் விட்டுவிட்டு, கொள்ளிடத்துக்கு வடகரையில் திருமழபாடிப் பக்கம் வந்து கூடாரம் போட்டார். தம்பியை வரச்சொன்னார். தம்பியும் போனார். விருந்து, உபசாரம், நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்த பிறகு, அப்பா சொத்தில் எனக்குப் பாதி என்றார் அண்ணன். தம்பி இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூருக்குக் கம்பி நீட்டிவிட்டார்.

புனேயிலிருந்து ஓர் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தால் தஞ்சாவூர்த் தம்பிகளுக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. நம் வீட்டுத் தம்பி தாண்டுவதற்கு வாசலில் கொள்ளிடம் இல்லை, அவ்வளவுதான். வந்த அன்றே வீட்டு வரி ரசீதுகளைப் பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். நான் கேட்டது காரை நிறுத்த ஒரு நிழல்.

பங்கு வேண்டாம் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவன் கொடுக்க ஆரம்பித்தான் பாருங்கள்! சொத்து கேட்கிற அண்ணனை வக்கீல் வைத்துச் சமாளிக்கலாம். கேட்காத அண்ணனை என்ன செய்வது? எதையாவது தலையில் கட்டித்தான் அனுப்ப வேண்டும். பாட்டியின் வெண்கலப் பானை, பித்தளை அண்டா, ஒரு மூட்டை பொன்னி, மாவடு ஜாடி, நார்த்தங்காய் ஜாடி, வடாம் இரண்டு டின். "எங்க ராஸ்தா பேத்துல வடாமிலிருந்து கும்பகோணம் டிகிரி காப்பித்தூள் வரைக்கும் எல்லாம் கிடைக்குதுடா, தமிழ்க்காரங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க" என்றேன். "அது கடை வடாம்ணே" என்றான். இதற்கு எதிர்வாதம் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பெரிய கோயில் விஷயத்தை எழுதாவிட்டால் பெரியவன் கோபித்துக்கொள்வான். வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "பிள்ளைக்குத் தமிழ் படிக்க வரலையாமே" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் தலையைக் குனிந்தபடியே திரிந்தான். கோயிலில் பிராகாரத்துச் சுவரில், சரபோஜி 1803ல் போன்ஸ்லே வம்சக் கதையை மராட்டியில் வெட்டிவைத்திருக்கிறாரே, அதன் எதிரில் போனதும் நின்றான். விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தான். பாதி வார்த்தை அவனுக்கே புரியவில்லை, பழைய நடை. ஆனால் நிறுத்தவில்லை. பின்னால் வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. நீங்கள் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டிய சுவர், அதை முதல்முறையாக ஒருவர் வாசித்துக் கேட்டேன் என்று சொன்னீர்கள். அப்படியே திரும்பி, கூட வந்த சின்னத்தாத்தாவிடம், "யாருக்குய்யா படிக்க வரலை?" என்றும் கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்காக அடுத்த வருஷமும் பெட்ரோல் போடலாம்.

திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. குழந்தைகள் தூங்கினார்கள், மாவடு ஜாடி தூங்கவில்லை. அது சித்ரதுர்கா பக்கம் ஒரு வேகத்தடையில் கசிந்ததிலிருந்து காருக்கு ஒரு நிரந்தர வாசனை வந்துவிட்டது. மெக்கானிக் முகர்ந்து பார்த்துவிட்டு ஏசியில் கோளாறு என்கிறார்.

புனே வந்து சேர்ந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. இந்த ஊர்ப் பழையவர்களுக்கு ஒன்றிலிருந்து நாலு வரை தூக்கம் என்பது சட்டம். காலிங்பெல் அடித்தால் கூடக் குற்றம். கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர். பித்தளை அண்டாவை மூன்று மாடி ஏற்றுவதற்குள் அது இரண்டு முறை கைநழுவி, உருண்டு, தன் வருகையை எல்லோருக்கும் அறிவித்துவிட்டது. எதிர்வீட்டு மராட்டிப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். கையில் இருந்த வடாமைக் கொடுத்தேன். "இது எங்கள் குர்டைதானே, தமிழ்நாட்டில் யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். வரலாற்றை நீங்கள் வந்து விளக்கிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கீழே படிக்கட்டில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. புனேக்காரர்கள் போர்டு எழுதுவதில் பெயர் போனவர்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பெரியவன்தான் வாசித்துச் சொன்னான்: "பிற்பகல் 1 முதல் 4 வரை படியில் பாத்திரம் உருட்ட வேண்டாம். பாத்திரம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது."

கடைசியாக, தம்பி பாட்டியின் அம்மிக்கல்லை லாரி பார்சலில் போட விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று அம்மா சொன்னாள். நீங்கள் சொன்னால் கேட்பான், தடுத்துவிடுங்கள். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை, போர்டு எழுதுகிறவர் முதல் மாடியில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்