கொடுத்ததன் வழியே பார்த்த வள்ளல்

பள்ளி மணி அடித்ததோடு பிள்ளைகள் மீதான அக்கறையும் முடிந்துவிடுகிறது என்று குறைப்படும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகரை ஒட்டியுள்ள லோயர் மெரியன் பள்ளி நிர்வாகத்தை அவர்கள் அறியமாட்டார்கள். பிள்ளை வீடு சேர்ந்தானா, படித்தானா, தூங்கினானா என்று படுக்கையறை வரை வந்து பார்த்த நிர்வாகம் அது. பெற்ற தாய்கூடக் கதவைத் தட்டிவிட்டு நுழையும் வயதில், கதவைத் தட்டாமலே உள்ளே வந்த பாசத்தை என்ன சொல்லிப் புகழ்வது!

முதலில் அதன் கொடையைப் போற்றுவோம். ஏறத்தாழ 2,300 உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கொரு ஆப்பிள் மடிக்கணினி. அதை வீட்டுக்கும் எடுத்துப்போகலாம். கொடுத்ததைத் திரும்பிப் பார்க்காதவனே வள்ளல் என்பார்கள். இந்த வள்ளல் ஒரு படி மேலே போய், கொடுத்ததன் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். கணினியில் லான்ரெவ் என்றொரு மென்பொருள். அதில் திருட்டைக் கண்டுபிடிக்க ஒரு வசதி. பள்ளியிலிருந்து அதை இயக்கிவிட்டால் போதும். வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை, எதிரே இருப்பவரைக் கேமரா படமெடுக்கும். திரையில் இருப்பதும் படமாகும். இரண்டும் பள்ளியின் சர்வருக்குப் போய்ச் சேரும். அரசர்கள் வைத்திருந்த ஒற்றர்களுக்குக்கூட இந்த நேர ஒழுங்கு வாய்த்திருக்காது.

அடுத்தது அதன் அடக்கம். இப்படி ஒரு வசதி இருப்பதாக மாணவர்களிடமோ பெற்றோரிடமோ அது முறையாகத் தெரிவிக்கவில்லை. செய்யும் உதவியைச் சொல்லிக்காட்டாத பண்பு எத்தனை பேருக்கு வரும்? கேமரா பக்கத்தில் பச்சை விளக்கு திடீரென்று மின்னி மறைவதைக் கண்டு சில பிள்ளைகள் கேட்டபோது, அது ஏதோ கோளாறு என்று பதில் கிடைத்தது. பிள்ளைகளின் மனம் கலங்கிவிடக் கூடாது என்பதில்தான் எத்தனை கவனம்!

விடாமுயற்சியையும் சொல்ல வேண்டும். தொலைந்த கணினியைத் தேடுவதற்கென வந்த வசதி அது. ஆனால் கணினி கிடைத்த பிறகும் பல சமயம் கண்காணிப்பு நிறுத்தப்படாமல் ஓடியது. பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த படங்கள் 50,000-க்கும் அதிகம். தொழில்நுட்பப் பிரிவில் இருந்த ஒருவர் இந்தப் படங்களைத் தொலைக்காட்சித் தொடருக்கு ஒப்பிட்டு எழுத, இன்னொருவர் தனக்கு அது மிகவும் பிடித்திருப்பதாகப் பதில் எழுதினார். வேலையை இவ்வளவு ரசித்துச் செய்யும் ஊழியர்கள் எந்த அலுவலகத்துக்கும் கிடைக்கமாட்டார்கள்.

அந்த ரசனைக்கு அதிகம் இடம் கொடுத்தவன் 15 வயதுப் பையன் ஒருவன். 55 டாலர் காப்பீட்டுக் கட்டணம் கட்டாமல் அவன் கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொல்லிக் கண்காணிப்பு தொடங்கியது. இரண்டே வாரங்களில் 400-க்கும் மேற்பட்ட படங்கள். தூங்கும்போது, மேலாடை இல்லாமல் இருக்கும்போது என எதையும் விட்டுவைக்கவில்லை. 2009 நவம்பரில், வீட்டில் எடுத்த படத்தை வைத்துத் துணைத் தலைமையாசிரியர் அவன்மீது போதைமாத்திரைப் பழி சுமத்தியதாகப் பையன் தரப்பு வழக்கில் கூறியது. தான் கையில் வைத்திருந்தது மிட்டாய் என்றான் பையன். கட்டாத 55 டாலருக்காக ஒரு பிள்ளையின் தூக்கத்தையும் காவல் காத்த நிர்வாகத்தைச் சிக்கனத்தில் யார் வெல்ல முடியும்?

அந்தச் சிக்கனத்தின் கணக்கு 2010 அக்டோபரில் முடிந்தது. வழக்குகளைச் சமரசமாக முடிக்க நிர்வாகம் ஒப்புக்கொண்ட தொகை 6,10,000 டாலர். அதில் 4,25,000 டாலர் வழக்கறிஞர்களுக்குப் போனது. அதற்கு முன்பே, குற்ற நோக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று கூறி, குற்றவழக்கு தொடர அரசுத் தரப்பு மறுத்துவிட்டது. அமெரிக்காவின் ஒட்டுக்கேட்புச் சட்டம் பேச்சைக் காப்பது. ஒலியில்லாத படம் அதற்குள் வராது. அந்த ஓட்டையை அடைக்க செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் 2010-இல் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை. பிள்ளையின் குரலைத் தொடாமல் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்ட கேமராவின் நாகரிகத்தைச் சட்டமும் மதித்தது.

புகழ்ச்சி போதும். ஒரு பிள்ளை உடை மாற்றும் அறைக்குள், கேட்காமல் எவரும் பார்க்கக் கூடாது. பார்ப்பவர் ஆசிரியரானாலும், நோக்கம் திருட்டைத் தடுப்பதானாலும், அது அத்துமீறல்தான். 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளிக் கருவி வீட்டுக்கு வருவது அமெரிக்காவில் பெருவழக்காகிவிட்டது. பிள்ளை தேடுவதையும் எழுதுவதையும் பார்க்கும் மென்பொருள்கள் அவற்றில் பலவற்றில் ஓடுகின்றன. கருவி பள்ளியின் சொத்து. அது இருக்கும் வீடு பள்ளியின் சொத்து அல்ல.

உங்கள் பிள்ளையிடமும் பள்ளி ஒரு கருவியைத் தந்தால், கையெழுத்திடும் முன் கேளுங்கள். அதில் என்ன மென்பொருள் இருக்கிறது? கேமராவை இயக்கும் அதிகாரம் யாருக்கு? எடுத்தது எங்கே சேர்கிறது, எப்போது அழிக்கப்படும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்கும் பள்ளியின் கருவியை வீட்டுக்குள் விடாதீர்கள்.