பாட்டியின் விண்ணப்பம்

நெல்லை, நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் பேரப்பிள்ளைகளை எட்டியதும் கொஞ்சம் நீளும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஞானம் கேட்டுத் தொடங்கும் பாட்டி, நீட் தேர்வு, வேலூர் சி.எம்.சி.யில் இடம், அமெரிக்க விசா, சபைக்குள்ளேயே வரன் என்று வரிசையாக முடித்துவிட்டு, எல்லாவற்றையும் கர்த்தரின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பார். சித்தத்துக்கு இனி என்ன வேலை என்பதுதான் விளங்கவில்லை. வேதாகமமோ இந்த முறைக்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. யாக்கோபுத் தாத்தா மூத்த பேரன் மனாசேயை விட்டு, இளையவன் எப்பிராயீமின் தலையில் வலது கையை வைத்தார். பிள்ளைகளின் தகப்பன் யோசேப்பு திருத்தப் பார்த்தும் நடக்கவில்லை. மகன்களுக்கு வலமும் இடமும் ஆசனம் கேட்ட செபெதேயுவின் மனைவிக்கும் சிபாரிசு பலிக்கவில்லை. லோவிசாள் பாட்டியைப் பற்றிப் பவுல் எழுதியது அவளுடைய விசுவாசத்தை மட்டுமே; பேரன் தீமோத்தேயுவின் மதிப்பெண் எங்கும் பதிவாகவில்லை.

பிழைப்புக்காகக் கேட்பது குற்றமா, கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அப்பம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது அன்றன்றைக்குரிய அப்பம், இருபது வருடத்துக்கான முன்பதிவு அல்ல. அந்த விதிப்படி பார்த்தால், பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்றைக்கே ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்கும் பேரன்தான் முறையாக ஜெபிக்கிறான்.